மாத்திரைக்கு முன் மூன்று நிமிடம்

ஆர்.கே.பேட்டை, அம்மையார்குப்பம், பொதட்டூர்பேட்டை, பள்ளிப்பட்டு என்று திருத்தணியைச் சுற்றி ஆந்திர எல்லையை ஒட்டியுள்ள ஊர்களில் தறிச் சத்தம் கேட்காத தெரு குறைவு. விசைத்தறிக்கு முன்னால் பொழுதெல்லாம் நின்றபடி வேலை. இழை அறுந்தால் குனிந்து முடிச்சுப் போட வேண்டும், மறுபடி நிமிர வேண்டும். கைத்தறிக்காரர் குழிக்குள் காலை இறக்கி மிதித்து மிதித்தே இடுப்பையும் முழங்காலையும் தேய்த்துக்கொள்கிறார். தறி இல்லாத வீடுகளில் கரும்பு வெட்டு, வேர்க்கடலை பறிப்பு, சித்தாள் வேலை. ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்துத் திருத்தணி மலையின் 365 படியையும் ஏறியவர்கள் ஐம்பது வயதில் வீட்டுத் திண்ணையில் ஏறக் கையை ஊன்றுகிறார்கள். எலும்பு முறிந்தால் நகரியைத் தாண்டிப் போய்ப் புத்தூர் கட்டு போட்டுக்கொண்டு வருவது இந்தப் பக்கத்தில் தலைமுறை வழக்கம். எலும்பு கூடிவிடும். சிலருக்கு வலி மட்டும் தங்கிவிடும்.

மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் வலியை மருத்துவர்கள் நாள்பட்ட வலி என்கிறார்கள். அப்படிப்பட்ட வலியோடு வாழ்கிறவர் முதலில் போய் நிற்பது பெரும்பாலும் மருந்துக்கடையில்தான். "அண்ணா, இடுப்பு வலிக்கு ஒரு செட் குடுங்க" என்றால் போதும். அட்டையிலிருந்து கத்தரித்த மூன்று நான்கு மாத்திரைகள் ஒரு சின்னக் காகிதக் கவரில் வந்துவிடும். பெயர் அச்சிட்ட பக்கம் கத்தரியில் போயிருக்கும். காலாவதித் தேதியும் அதோடு போயிருக்கும். அந்தக் கவருக்குள் ஒன்று பாராசிட்டமாலாக இருக்கலாம், ஒன்று வயிற்றெரிச்சலுக்கு, ஒன்று ஸ்டீராய்டு. இன்னொன்று ட்ரமடாலாக இருக்கலாம். சாப்பிட்ட அரை மணி நேரத்தில் உடம்பு லேசாகிறது. "அந்தக் கடை மாத்திரைதான் எனக்குக் கேக்குது" என்று அடுத்த வீட்டுக்கும் சொல்லிவிடுகிறோம்.

கேட்பது எந்த மாத்திரை என்று தெரியாமலே ஒருவர் வருடக்கணக்கில் அதைச் சாப்பிட முடியும். அதுதான் இங்கே உள்ள ஆபத்து.

ட்ரமடால், டபென்டடால், கோடீன், மார்ஃபின், ஃபென்டனில் எல்லாம் ஓபியாய்டு என்ற ஒரே குடும்பம். சில அபினியிலிருந்து எடுத்தவை, சில அபினியைப் போலவே வேலை செய்யும்படி ஆய்வகத்தில் செய்தவை. மூளையிலும் தண்டுவடத்திலும் போய் ஒட்டிக்கொண்டு வலிச் செய்தியை அடக்கும். அறுவை சிகிச்சைக்குப் பிறகும், விபத்திலும், புற்றுநோயிலும் இவை பெரிய வரம். வீட்டில் புற்றுநோயாளிக்கு மார்ஃபின் எழுதிக் கொடுத்திருந்தால், இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டுப் பயந்து நிறுத்திவிடாதீர்கள். வலி நிவாரணம் பற்றி லான்செட் இதழ் அமைத்த ஆணையம் 2017-இல் கணக்கிட்டபோது, இந்தியாவில் கடும் வேதனையில் இருப்பவர்களின் தேவையில் 4 சதவீத அளவுக்குத்தான் இந்த வகை மருந்து கிடைத்துக்கொண்டிருந்தது. கிடைக்க வேண்டியவருக்குக் கிடைக்காமலும், தெரியாமல் சாப்பிடுகிறவருக்குத் தாராளமாகவும் போய்ச் சேர்வது நம் நாட்டின் கொடுமை.

நாள்பட்ட இடுப்பு வலிக்கும் மூட்டு வலிக்கும் கதை வேறு. அமெரிக்காவில் 240 முன்னாள் படைவீரர்களை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு ஓபியாய்டும் மற்றதற்கு வேறு வலி மருந்துகளும் ஓராண்டு கொடுத்துப் பார்த்தார்கள். 2018-இல் முடிவு வெளியானது. அன்றாட வேலைகளைச் செய்வதில் ஓபியாய்டு குழு எந்த விதத்திலும் முந்தவில்லை, பக்கவிளைவுதான் அவர்களுக்கு அதிகம். புதிதாக வந்த முதுகு, கழுத்து வலிக்கே ஓபியாய்டு வெற்று மாத்திரையைவிட மேலாக வேலை செய்யவில்லை என்று ஆஸ்திரேலியாவில் நடந்த ஆய்வு 2023-இல் காட்டியது.

மாலையில் வரும் வலி

ஓபியாய்டை மாதக்கணக்கில் எடுத்தால் உடல் பழகிவிடும். ஒரு மாத்திரை செய்த வேலைக்கு இரண்டு தேவைப்படும். சிலருக்கு நரம்புகள் கூர்மையாகி, முன்பு வலிக்காத தொடுதல்கூட வலிக்கத் தொடங்கும். மருந்தின் வேகம் இறங்கும் நேரத்தில் உடம்பு முறுக்கும், வியர்க்கும், கொட்டாவி வரும், மூக்கு ஒழுகும், வயிறு கலங்கும், தூக்கம் வராது. இவை மருந்து கேட்டு உடல் எழுப்பும் குறிகள். நோயாளி என்ன நினைக்கிறார்? இடுப்பு முற்றிவிட்டது என்று நினைக்கிறார். தறியை நிறுத்தி வீட்டுக்கு வந்ததும் வரும் அந்த மாலை வேதனையில் எவ்வளவு முதுகினுடையது, எவ்வளவு மாத்திரையினுடையது என்று அவருக்குப் பிரித்துச் சொல்ல யாரும் இல்லை. இன்னொரு செட் வாங்கிவரப் பிள்ளையைக் கடைக்கு அனுப்புகிறார்.

இங்கே ஒரு விஷயத்தை வீட்டிலுள்ளவர்கள் புரிந்துகொள்ள வேண்டும். உடல் மருந்துக்குப் பழகுவது யாருக்கும் நடக்கும், மருத்துவர் சொன்னபடி ஒழுங்காகச் சாப்பிட்டவருக்கும் நடக்கும். அடிமையாவது வேறு. கெடுதல் தெரிந்தும் நிறுத்த முடியாமல், வலிக்காக என்பதைத் தாண்டி மனம் அமைதிப்படவோ துக்கத்தை மறக்கவோ அதைத் தேடி ஓடுவது அது. முதலாவதில் தொடங்கி இரண்டாவதில் போய் நிற்பவர்கள் உண்டு, எல்லாரும் அப்படிப் போவதில்லை. "மாத்திரைக்கு அடிமையாயிட்டான்" என்று ஒரு வார்த்தை தெருவில் விழுந்தால் அந்த மனிதர் அடுத்த நாளிலிருந்து ஒளித்துச் சாப்பிடத் தொடங்குவார். ஒளித்துச் சாப்பிடுகிறவர் எந்த மருத்துவரிடமும் உண்மையைச் சொல்ல மாட்டார். மத்திய அரசுக்காக எய்ம்ஸ் மருத்துவமனையின் போதை சிகிச்சை மையம் நடத்தி 2019-இல் வெளியிட்ட கணக்கெடுப்பில், நாட்டில் ஓபியாய்டு பயன்படுத்துகிறவர்கள் சுமார் 2.26 கோடிப் பேர் என்று வந்தது. அவர்களில் மருந்துக்கடை ஓபியாய்டைத் தவறாகப் பயன்படுத்துகிறவர்களும் பெரிய அளவில் இருக்கிறார்கள். இது ஒரு தெருவின் அவமானமாகப் பேசி முடிக்கிற விஷயமில்லை.

உயிருக்கே ஆபத்தான சேர்க்கைகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஓபியாய்டு மூச்சு விடும் வேகத்தைக் குறைக்கும். அதோடு மதுவோ, அல்பிரசோலம் போன்ற தூக்க மாத்திரையோ, நரம்பு வலிக்குக் கொடுக்கும் பிரிகாபலினோ சேர்ந்தால் தூக்கத்திலேயே மூச்சு நின்றுபோகலாம். வேலை முடிந்து டாஸ்மாக்கில் நின்றுவிட்டு வந்து, படுக்கும்முன் வலி மாத்திரை போடும் வழக்கம் எவ்வளவு சாதாரணமாகிவிட்டது என்பதை நினைத்தால் பதறுகிறது. ட்ரமடாலுக்கு இன்னும் இரண்டு தனிக் குணங்கள் உண்டு. அளவு மீறினால் வலிப்பு வரலாம், ஏற்கெனவே வலிப்பு நோய் உள்ளவருக்கு அது இன்னும் எளிதில் வரும். மனச்சோர்வுக்கான சில மாத்திரைகளோடு சேர்ந்தால் காய்ச்சல், நடுக்கம், குழப்பம் என்று உடல் கொந்தளிக்கும். எழுப்பினாலும் எழாமல், குறட்டை போன்ற விட்டுவிட்டு வரும் மூச்சோடு, உதடு நீலம் பூத்துக் கிடந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். உடனே 108. ஓபியாய்டை முறிக்கும் நலோக்சோன் என்ற ஊசி மருந்து இருக்கிறது. என்ன மாத்திரை சாப்பிட்டார் என்பதை முதலில் சொல்லுங்கள், அட்டை இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள்.

எட்டு வாரப் பயிற்சி

அமெரிக்காவின் வூஸ்டர் நகரில், மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில், 1979-இல் ஜான் கபாட்-சின் என்பவர் ஒரு வகுப்பு தொடங்கினார். மருந்தும் அறுவையும் கைவிட்ட வலி நோயாளிகளை என்னிடம் அனுப்புங்கள் என்று மருத்துவர்களிடம் கேட்டார். வாரம் ஒரு வகுப்பு, எட்டு வாரம். மூச்சைக் கவனிப்பது, உடலைப் பாதத்திலிருந்து தலைவரை மனத்தால் தடவிப் பார்ப்பது, மெதுவான யோக அசைவுகள். பௌத்தத் தியான மரபிலிருந்து எடுத்த முறைதான், ஆனால் மதத்தை வகுப்புக்கு வெளியே வைத்தார். இன்று உலகம் முழுக்க மைண்ட்ஃபுல்னெஸ் என்ற பெயரில் நடப்பதற்கு அதுதான் தாய். தமிழில் மனக்கவனப் பயிற்சி என்று சொல்லலாம்.

ஓபியாய்டு எடுக்கும் வலி நோயாளிகளுக்கென்றே இதைச் செதுக்கியவர் எரிக் கார்லண்ட். யூட்டா பல்கலைக்கழகத்தில் இருந்தபோது, நாள்பட்ட வலியோடு ஓபியாய்டையும் தவறாகப் பயன்படுத்திக்கொண்டிருந்த 250 பேரிடம் இவர் நடத்திய சோதனையின் முடிவு 2022-இல் வந்தது. பாதிப் பேருக்கு எட்டு வாரம், வாரத்துக்கு இரண்டு மணி நேரம் இந்தப் பயிற்சி. மீதிப் பேர் அதே நேரம் கூடி உட்கார்ந்து, ஆலோசகரோடு மனம்விட்டுப் பேசினார்கள். ஒன்பது மாதம் கழித்துப் பார்த்தபோது, பயிற்சி பெற்றவர்களில் 45 சதவீதம் பேர் தவறான பயன்பாட்டை விட்டிருந்தார்கள், பேசிய குழுவில் 24 சதவீதம் பேர். பயிற்சிக் குழுவில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலானவர்கள் தாங்கள் எடுக்கும் அளவைப் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைத்திருந்தார்கள்.

அந்த வகுப்பில் சொல்லித் தருவதைச் சற்று அருகில் போய்ப் பார்ப்போம், ஏனென்றால் தியானம் என்றதும் சம்மணம் போட்டு மூக்கைப் பிடிப்பது என்று நினைத்து முழங்கால் வலிக்காரர் பின்வாங்கிவிடுகிறார். நாற்காலியில் உட்காரலாம், பாயில் படுத்தும் செய்யலாம். மூக்கு நுனியில் மூச்சு வந்து போவதைக் கவனிக்க வேண்டும். மனம் ஓடும். நூல் விலை, சீட்டுப் பணம், மகள் கல்லூரிக் கட்டணம் என்று எங்கோ போய் நிற்கும். ஓடியது தெரிந்ததும், தன்னைத் திட்டிக்கொள்ளாமல் மறுபடி மூச்சுக்கு வர வேண்டும். இது கொஞ்சம் பழகிய பிறகு கவனத்தை வலிக்கும் இடத்துக்கே கொண்டு போகச் சொல்கிறார்கள். அங்கே இருப்பது சூடா, இறுக்கமா, குத்தலா, துடிப்பா, மதமதப்பா? எந்த இடத்தில் தொடங்குகிறது, எங்கே முடிகிறது? ஒரே அளவில் நிற்கிறதா, ஏறி இறங்குகிறதா? அதற்குப் பக்கத்திலேயே வலிக்காத இடம் எது? பத்து வருடமாக "உயிர் போகிற வலி" என்று ஒரே கட்டியாகத் தெரிந்தது, இப்படிப் பார்க்கப் பார்க்க ஒரு சூடாகவும் இரண்டு இழுப்பாகவும் நடுநடுவே சும்மா இருக்கும் தசையாகவும் பிரிகிறது. சூடு அப்படியே இருக்கலாம். "நாளைக்குத் தறிக்குப் போக முடியுமா, என் காலம் இப்படியே போய்விடுமா" என்று அதன் மேல் ஏறி உட்கார்ந்திருந்த பயம் மெல்ல இறங்குகிறது. வலியை மூளை பெரிதாக்குவதில் அந்தப் பயத்துக்கும் பங்கு உண்டு என்பதை மருத்துவம் நன்றாக அறிந்திருக்கிறது.

கார்லண்ட் முறையில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இன்னொன்று. மாத்திரையைக் கையில் எடுத்ததும் உடனே விழுங்காமல் மூன்று நிமிடம் மூச்சைக் கவனிக்கச் சொல்கிறார்கள். இப்போது இதைக் கேட்பது வலியா, பழக்கமா, கவலையா என்று உள்ளே பார்க்க அந்த நேரம். வலிதான் என்று தெரிந்தால், மருத்துவர் எழுதிய அளவைக் குற்ற உணர்ச்சி இல்லாமல் சாப்பிடலாம். யாரும் மாத்திரையைப் பிடுங்குவதில்லை. தான் என்ன செய்கிறோம் என்று பார்க்கும் அதிகாரம் நோயாளியிடமே திரும்ப வருகிறது. நீண்ட நாள் ஓபியாய்டு சின்னச் சின்ன சந்தோஷங்களை மழுங்கடித்துவிடும் என்பதால், நல்லவற்றை நிதானமாக அனுபவிக்கவும் பயிற்சி உண்டு: தலையில் வைத்த மல்லிகையின் வாசனை, பேரப்பிள்ளையின் கைச்சூடு.

2025 ஏப்ரலில் இன்னும் பெரிய ஆய்வு ஒன்று வந்தது. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அலெக்சாண்ட்ரா ஜியெர்ஸ்கா தலைமையில், நாள்பட்ட இடுப்பு வலிக்காகத் தினமும் ஓபியாய்டு எடுக்கும் 770 பேர். பாதிப் பேருக்கு மனக்கவனப் பயிற்சி. மீதிப் பேருக்கு, எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றக் கற்றுத்தரும் இன்னொரு உளவியல் சிகிச்சை. இரண்டுமே எட்டு வாரம், வீட்டில் செய்ய வேண்டிய பயிற்சியோடு. ஓராண்டு வரை தொடர்ந்து பார்த்ததில் இரண்டு குழுவிலும் வலி குறைந்தது, நடமாட்டம் கூடியது, மருந்தின் அளவும் குறைந்தது. எது உசத்தி என்று பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லை. தியானம் பிடிக்காதவருக்கு வேறு வழியும் உண்டு என்பதால் இதை நல்ல செய்தியாகவே எடுத்துக்கொள்கிறேன். ஒன்றை மறைக்கக்கூடாது: சராசரியாக வலி குறைந்த அளவு மிதமானதுதான். வலி பறந்துபோகும் என்று யாராவது சொன்னால் அவர் இந்த ஆய்வுகளைப் படித்தவர் இல்லை.

இந்தப் பயிற்சியைத் தவறாகப் பயன்படுத்தவும் இடமிருக்கிறது. "உனக்கு ஒண்ணும் இல்லம்மா, எல்லாம் மனசுலதான்" என்று சொல்லி அனுப்ப இது ஒரு சாக்காகிவிடக்கூடாது. வலி உண்மை. அதன் காரணத்தைத் தேடுவது மருத்துவரின் கடமை. முதுகு வலியோடு மாலைக் காய்ச்சலும் எடை குறைவும் இருந்தால் முதுகெலும்புக் காசநோயா என்று பார்க்க வேண்டும், நம் ஊரில் அது அரிதல்ல. கால் மரத்துப் பலமிழந்தாலோ, சிறுநீர், மலம் கட்டுப்பாடு தவறினாலோ, தொடை நடுவே உணர்ச்சி போனாலோ அன்றைக்கே மருத்துவமனை. பழைய புற்றுநோய், பெரிய விழுகை, இரவில் மட்டும் விடாமல் குடையும் வலி இவற்றையும் முதலில் ஆராய்ந்துவிட்டுத்தான் பயிற்சி. கடும் மனநோய் இருந்தவர்கள், தற்கொலை எண்ணம் உள்ளவர்கள், பெரிய அதிர்ச்சியைக் கடந்தவர்கள் கண்ணை மூடி உள்ளே பார்க்கும்போது கலக்கம் கூடலாம். அவர்கள் மனநல மருத்துவரின் துணையோடு செய்ய வேண்டும். பத்து நாள் மௌன முகாமில் போய் உட்கார்வது, மாத்திரை குறைத்துக்கொண்டிருப்பவருக்கு ஏற்றதல்ல. "எங்கள் முகாமுக்கு வாருங்கள், இன்றே மாத்திரையைத் தூக்கி எறியுங்கள்" என்று விளம்பரம் செய்து பணம் கேட்கிறவர்களிடம் போகவே வேண்டாம். ஏமாந்திருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் சொல்லலாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம்.

தூக்கி எறிவது ஏன் ஆபத்து? அமெரிக்கா இதைக் கசப்பாகக் கற்றுக்கொண்டது. ஓபியாய்டு சாவுகள் கூடியதும் பயந்துபோன மருத்துவர்கள் பலர் நோயாளிகளின் மருந்தை ஒரேயடியாக நிறுத்தினார்கள். அப்படி நிறுத்தியதால் தாங்க முடியாத வலியும், மன உளைச்சலும், தற்கொலைகளும் நேர்ந்ததைச் சுட்டிக்காட்டி, அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2019 ஏப்ரலில் எச்சரிக்கை வெளியிட்டது. ஓராண்டுக்கு மேல் எடுத்தவர்களுக்கு மாதம் 10 சதவீதம் அல்லது அதைவிட மெதுவாகக் குறைப்பது பொறுத்துக்கொள்ளக்கூடியது என்று அங்கே 2022-இல் வந்த வழிகாட்டி சொல்கிறது. உங்களுக்கு எவ்வளவு, எவ்வளவு நாளில் என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். வீட்டில் கோபப்பட்டு மாத்திரையைச் சாக்கடையில் கொட்டும் மகனும் மருமகளும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். கர்ப்பிணியாக இருந்தால் திடீரென நிறுத்துவது வயிற்றுப் பிள்ளையையும் பாதிக்கும்.

சட்டம் உங்கள் பக்கம் என்ன வைத்திருக்கிறது

ட்ரமடால், கோடீன் போன்றவை மருந்து விதிகளில் எச்1 என்ற அட்டவணையில் இருக்கின்றன. 2014 மார்ச் முதல் இந்த அட்டவணை நடைமுறையில் உள்ளது. மருத்துவர் சீட்டு இல்லாமல் இவற்றை விற்கக்கூடாது. விற்றால் நோயாளி பெயர், எழுதிய மருத்துவர், மருந்து, எத்தனை என்று தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். அட்டையின் மேல் சிவப்புக் கட்டத்துக்குள் எச்சரிக்கை அச்சிட்டிருக்கும். அதைப் பார்த்தாலே இது சாதாரண மாத்திரை இல்லை என்று தெரிந்துவிடும், கத்தரித்துக் கவரில் போட்டால்தான் தெரியாது. ஆகவே கடையில் முழு அட்டையைக் காட்டச் சொல்லுங்கள், பெயர் உள்ள பக்கத்தோடு வெட்டித் தரச் சொல்லுங்கள், பில் கேளுங்கள். மூன்றையும் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. தர மறுக்கும் கடையைப் பற்றி மாவட்டத்திலுள்ள மருந்து ஆய்வாளரிடம் எழுதிக் கொடுக்கலாம். அரசு சில கூட்டு மாத்திரைகளையே தடை செய்திருக்கிறது. பாராசிட்டமாலும் ட்ரமடாலும் டாரினும் காஃபினும் கலந்த ஒன்று 2024 ஆகஸ்டில் தடையான 156 கலவைகளில் இருந்தது.

2018 ஏப்ரல் 26 முதல் ட்ரமடால், போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழும் வந்துவிட்டது. எல்லையோர மக்களுக்கு இது மிக முக்கியம். ஆர்.கே.பேட்டையிலிருந்து நகரிக்கும் சித்தூருக்கும் திருப்பதிக்கும் போய்வருவது நமக்குப் பக்கத்துத் தெரு போய்வருவது மாதிரி, வழியில் சோதனைச் சாவடி உண்டு. சீட்டு இல்லாமல் பையில் ட்ரமடால் அட்டை இருந்தால் நோயாளி என்று வாயால் சொல்லி நிரூபிக்க முடியாது. இந்தச் சட்டத்தின் விதிகள், சொந்த சிகிச்சைக்காக ஒருவர் ஒரு நேரத்தில் 100 மாத்திரை வரை வைத்திருக்க அனுமதிக்கின்றன. நீண்ட கால சிகிச்சைக்கென்று மருத்துவர் குறிப்பிட்டு எழுதினால் 300 வரை. சீட்டின் அசல் கையில் இருக்கட்டும், போனில் ஒரு படமும் இருக்கட்டும். பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார் என்று அவருக்காக வாங்கிவராதீர்கள், உங்களுடையதைப் பங்கிட்டும் கொடுக்காதீர்கள். சென்னையிலும் சுற்றுப்புறத்திலும் வலி மாத்திரைகளை இளைஞர்களுக்குப் போதைக்கு விற்று ஆட்கள் கைதாகும் செய்தி அடிக்கடி வருகிறது. வீட்டில் மிச்சமிருக்கும் அட்டை பிள்ளைகள் கைக்குப் போகாதபடி பூட்டி வைப்பதும் அவசியம்.

பழக்கம் முற்றிவிட்டது, சொன்னால் போலீஸ் பிடிக்குமோ என்று பயந்து ஒதுங்குகிறவர்களுக்கு அதே சட்டத்தின் 64ஏ பிரிவைச் சொல்ல வேண்டும். பயன்படுத்திய குற்றத்துக்கோ சிறு அளவு வைத்திருந்த குற்றத்துக்கோ உள்ளானவர், தானாக முன்வந்து அரசு அல்லது அரசு அங்கீகரித்த மையத்தில் சிகிச்சை எடுத்துக்கொண்டால் அவர் மீது வழக்குத் தொடர முடியாது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் இந்தப் பாதுகாப்பு போய்விடலாம். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமும் மது, போதை சார்ந்த மனநிலைகளை மனநோய் என்ற வரையறைக்குள் வைத்திருக்கிறது. அதனால் அரசு சிகிச்சை பெறும் உரிமையும், விவரம் வெளியே போகாத ரகசியமும் இவர்களுக்கும் பொருந்தும். யாரையும் சங்கிலியால் கட்டுவதை அந்தச் சட்டம் தடை செய்கிறது. மறுவாழ்வு மையம் என்ற பெயரில் அடித்துத் திருத்தும் இடங்கள் உண்டு. சேர்ப்பதற்குமுன் மாநில மனநல ஆணையத்தின் பதிவுச் சான்றைக் காட்டச் சொல்லுங்கள். பெரும்பாலான வலி நோயாளிகளுக்கு உள்நோயாளியாகச் சேர வேண்டிய தேவையே வருவதில்லை.

மருத்துவரிடமும் கேட்க வேண்டியவை உண்டு. மருந்தின் மூலப்பெயரைப் படிக்கும்படி, முடிந்தவரை பெரிய எழுத்துகளில் எழுத வேண்டும் என்பது மருத்துவக் கவுன்சிலின் நெறிமுறை. உங்கள் சிகிச்சைப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. "இதில் ஓபியாய்டு இருக்கிறதா, எத்தனை நாள், எப்படி நிறுத்துவது?" என்று மாத்திரை தொடங்கும் அன்றே கேளுங்கள். நிறுத்தும் திட்டம் இல்லாமல் தொடங்கக்கூடாது.

எங்கே போவது

முதல் படி, வீட்டிலுள்ள எல்லா மாத்திரையையும் கவரோடு அள்ளிக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போவது. மதுவையும் சேர்த்து எதையும் மறைக்காமல் சொல்வது. அங்கிருந்து திருத்தணி அரசு மருத்துவமனை, திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்று மேலே அனுப்புவார்கள். மனநலப் பிரிவுக்கு அனுப்பினால் பைத்தியம் என்று அர்த்தமில்லை, மாத்திரையைப் படிப்படியாக இறக்கத் தெரிந்தவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். இந்தப் பக்கத்தவர் பலர் போகும் வேலூர் சி.எம்.சி.யில் வலி சிகிச்சைக்குத் தனிப் பிரிவு உண்டு. பழக்கம் முற்றியவர்களுக்குச் சென்னை இந்திரா நகரில் சாந்தி ரங்கநாதன் 1980-இல் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை இருக்கிறது. மனநல ஆலோசனைக்கு 14416, போதை மீட்புக்கு 14446, தமிழக அரசின் மருத்துவ ஆலோசனைக்கு 104. மாத்திரையால் வலிப்போ மயக்கமோ வேறு கெடுதலோ வந்தால் நோயாளியே 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் பதிவு செய்யலாம்.

மனக்கவனப் பயிற்சி மட்டும் இந்த வரிசையில் இன்னும் இல்லை. பணக்காரர் சென்னையில் காசு கொடுத்துக் கற்றுக்கொள்கிறார், தறிக்காரருக்கு செட் மாத்திரை. இதை மாற்ற அரசுக்குப் புதிய கட்டடம் எதுவும் தேவையில்லை. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை மருத்துவரும் வலி நிவாரணச் செவிலியரும் ஏற்கெனவே வீடு தேடி வருகிறார்கள். அரசு மருத்துவமனைகள் பலவற்றில் யோகா, இயற்கை மருத்துவப் பிரிவுகள் இருக்கின்றன. இவர்களுக்கு எட்டு வாரப் பயிற்சியைக் கற்றுக்கொடுத்து, ஒன்றியத்துக்கு ஒரு குழு தொடங்கினால் போதும். ஒரு கூடம், பதினைந்து நாற்காலி, பக்கத்தில் மருந்தைக் குறைத்து எழுத ஒரு மருத்துவர். கிராம சபையில் எழுந்து இதைக் கேட்கலாம், தீர்மானமாகவே போடலாம். கேட்கும்போது இரண்டு விஷயத்தையும் சேர்த்துக் கேளுங்கள். வகுப்பு தறி நிற்கும் நேரத்தில் இருக்க வேண்டும், ஏனென்றால் கூலியை விட்டுவிட்டு யாரும் எட்டு வாரம் வர முடியாது. இந்த எல்லையில் வீட்டுக்குள் தெலுங்கு பேசும் குடும்பங்கள் நிறைய இருப்பதால், உடம்பில் எங்கே இழுக்கிறது, எங்கே சுடுகிறது என்று அவரவர் தாய்மொழியில் சொல்லவும் கேட்கவும் தெரிந்த செவிலியர் ஒருவர் அந்தக் கூடத்தில் இருக்க வேண்டும்.